பாவாயி கை தட்டின கதை

ஒரு ஊர்ல ஒரு அக்காவும் தங்கச்சியும் இருந்தாங்க. அக்கா பேரு பாவாயி, தங்கச்சி பேரு ரங்கி. அப்பா அம்மா கிடையாது. பாவாயிக்கு ஒரு கைதான். இன்னொரு கை மணியக்காரரோட கரும்பு ஆலையில, கரும்பு வைக்கறப்போ மாட்டிப் போயிடுச்சு. அந்த மணியக்காரர்தான் ஊருக்கே தலைவர். கை போனவ இருக்காளா செத்தாளான்னு ஒரு நாள் எட்டிப் பார்க்கல. பார்க்கணுமா வேண்டாமா, நீயே சொல்லு. ம்.

அந்த ஊர்ல தை மாசம் ஏரியில நீச்சப் போட்டி நடக்கும். அக்கரை தொட்டுட்டு முதல்ல திரும்பி வர்றவங்களுக்கு ஒரு கன்னுக்குட்டி. ஆனா ஒரு வழக்கம் வச்சிருந்தாங்க. ஜெயிச்சவங்க வீட்டு ஆளு முதல்ல கை தட்டணும். அதுக்கப்புறந்தான் தப்பட்டை அடிப்பாங்க. தப்பட்டை அடிச்சாத்தான் ஜெயிச்சது செல்லும்.

அந்த வருசம் ரங்கி தண்ணியில குதிச்சா, தொபுக்கடீர்னு. மணியக்காரர் மகனும் குதிச்சான். சளக் சளக்னு போனாங்க. அவன் நடு ஏரியில மூச்சு வாங்கிக்கிட்டு கிடக்க, இவ கரையேறி நின்னுட்டா. ம் சொல்லுடா, தூங்கிட்டியா?

அப்போ பாவாயி கை தட்ட முன்னால வந்தா. மணியக்காரர் சிரிச்சாரு.

"ஒத்தக் கையில ஓசை வருமா புள்ள?"

பக்கத்துல நின்னவங்களும் சிரிச்சாங்க. அவர் காடு தோட்டத்துலதான் எல்லாருக்கும் கூலி வேலை, சிரிக்காம என்ன செய்வாங்க. வீட்டு ஆளு தட்டலைன்னா ரெண்டாவதா வந்தவனுக்குத்தான் கன்னுக்குட்டின்னு சொல்லிட்டாரு. ரெண்டாவது யாரு? அவரு பெத்த மகன். நல்லாயிருக்கு நியாயம்.

பாவாயி விடல. தொடையில ஓங்கி அடிச்சா, பட்டுனு. அது தொடைச் சத்தம், செல்லாதுன்னாரு. அப்புறம் பக்கத்துல இருந்த குடத்துல அடிச்சா, டங்குனு. அது குடத்துச் சத்தம், அதுவும் செல்லாதுன்னாரு. சும்மாவே பேசாத பொண்ணு அவ. அன்னிக்கு நிமிர்ந்து பார்த்தா.

"என்னோட இன்னொரு கை உங்க ஆலையில கிடக்குதுங்க. எடுத்துக் குடுங்க, தட்டறேன்."

அவரு தரையைப் பார்த்தாரு.

அப்போ ரங்கி, தலையில தண்ணி சொட்டச் சொட்ட வந்து, தன் கையை விரிச்சு உசத்திப் பிடிச்சா.

"இதுல அடி அக்கா."

பாவாயி அடிச்சா பாரு, பளார்னு. கரையில நின்ன கொக்கெல்லாம் படபடன்னு பறந்து போச்சு. இது ரெண்டு பேரு கையாச்சேன்னு மணியக்காரர் ஆரம்பிச்சாரு. தப்பட்டைக்காரருக்கே பொறுக்கல. கையில கைதானேங்க பட்டுச்சுன்னு சொல்லிட்டு, டண்டணக்கு டண்டணக்குன்னு அடிக்க ஆரம்பிச்சுட்டாரு.

அப்புறம் என்ன, சிரிச்ச சனமெல்லாம் ஆளுக்கொரு கையைத் தூக்கி, பக்கத்து ஆளு கையில பளார் பளார்னு அடிச்சுக்கிச்சு. நீ விளையாட்டுல ஜெயிச்சா உன் சிநேகிதன் கையில ஓங்கி ஒண்ணு வைக்கிறியே தங்கம், அது அன்னிக்குப் பொறந்ததுதான்.

ஊரே தட்டுறதைப் பார்த்துட்டு மணியக்காரரும் பல்லைக் காட்டிக்கிட்டு வந்து, பாவாயி முன்னால கையை நீட்டினாரு. அவளுக்கு இருக்கறது ஒரு கை. அதுல கன்னுக்குட்டிக் கயிறு. அவ பாட்டுக்கு வீட்டைப் பார்த்து நடந்தா. நீட்டின கை அங்கேயே நின்னுச்சு.

கதை வீடு போய்ச் சேர்ந்துடுச்சு. நீயும் கண்ணை மூடு.