முள் இறங்காத கார்

பாண்டிச்சேரியில் பெட்ரோல் விலை குறைவு என்று தெரிந்த நாளிலிருந்து, விழுப்புரம் நெல் மண்டி முதலாளி திருவேங்கடத்துக்கு உள்ளூர் பங்க் கசந்துபோனது. டேங்கை நிரப்பிவர டிரைவர் தணிகாசலத்தை நாற்பது கிலோமீட்டர் விரட்டுவார். கார் திரும்பி வந்ததும் குனிந்து மீட்டரைப் பார்ப்பார்.

"முள் இறங்கியிருக்கே, வழியில வித்துட்டியா?"

"இவ்ளோ தூரம் ஓடி வந்திருக்கே, முதலாளி."

"கதை விடாத. இனிமே ஒரு நூல் இறங்கியிருந்தாலும் சம்பளத்துல பிடிச்சிடுவேன்."

அடுத்த வாரம் ஒரு கல்யாணம். பட்டு வேட்டியில் முதலாளியும் பட்டுச் சேலையில் அவர் மனைவியும், டேங்கை நிரப்பப் போன காருக்காக வாசலில் காத்திருந்தார்கள். தணிகாசலமோ பஸ்ஸில் வந்து இறங்கி நிதானமாக நடந்து வந்தார்.

"கார் எங்கடா?"

"பாண்டிச்சேரி பங்க்லயே ஓரமா நிக்குது, முதலாளி." செல்போனில் எடுத்த மீட்டர் படத்தை நீட்டினார். "பாருங்க, முள் உச்சியில இருக்கு. ஓட்டிட்டு வந்தா இறங்கிடும்னுதான் விட்டுட்டு வந்தேன்."

முதலாளிக்கு முகம் சிவந்தது. "ஓட்டினா இறங்காம என்னடா பண்ணும்? மடையா!"

தணிகாசலம் முதலாளியின் மனைவி பக்கம் திரும்பினார்.

"அம்மா, நீங்களும் கேட்டுக்கிட்டீங்கல்ல?"