ஏரியைப் பார்த்து அழுத விருந்தாளிகள்

முன்னொரு காலத்தில், ஊர்பேர் வேண்டாம் கண்ணுகளா, ஆற்றுப் பள்ளத்தாக்கு ஒன்றும் அந்த ஆறு போய்ச் சேருகிற உப்பு ஏரி ஒன்றும் உள்ள நாட்டை ஒரு ராசா ஆண்டார். பக்கத்து நாட்டு அருவியைப் பார்க்கச் சனம் வண்டி கட்டிக்கொண்டு போகிறது, வணிகர்கள் அங்கே பொன்னைக் கொட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. "நம் ஏரிக்கு என்ன குறை?" என்றார்.

"குறை ஏரியில் இல்லை மன்னா, கரையில் இருக்கிறது," என்றார் மந்திரி சேனாதிராயர். "உப்பு வாருகிறவர்கள் வெடித்த பாதமும் கந்தையுமாக நிற்கிற இடத்தில் எந்தச் சீமான் வந்து காற்று வாங்குவார்?"

அவ்வளவுதான். குடிசைகளைப் பிடுங்கி, குஞ்சு குளுவானோடு அத்தனை பேரையும் எல்லைக்கு அப்பால் தள்ளினார்கள். அந்த இடத்தில் மாடம் வைத்த விடுதிகள் எழும்பின. அரண்மனை விகடன் ஓயாமாரி அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. அவன் பிறந்ததும் அந்தக் கரையில்தான். துரத்தப்பட்டவர்களில் அவன் தங்கை பேச்சிமுத்துவும் ஒருத்தி. என்ன செய்வது, பயம்.

பிறகு அக்கம்பக்கத்து நாடெங்கும் பறை அறைந்தார்கள். "எல்லை தாண்டி வந்து எம் ஏரியைக் காண விரும்புவோர் யாவரும் அரசரின் விருந்தினர். அவர்களாகப் புறப்படும்வரை போகச் சொல்வார் இல்லை!"

ஈ காக்கை வரவில்லை. வெயிலில் கண்ணைக் குத்துகிற வெள்ளை நிலத்துக்கு யார்தான் வருவார்கள்? அதற்குள், முதல் போடலாமா என்று பார்த்துப்போகப் பெரிய கடல் வணிகர் ஒருவர் வருவதாகச் சேதி. ராசாவுக்கு வியர்த்துவிட்டது. விகடன்மேல் வெகுநாளாகக் கடுப்பில் இருந்த சேனாதிராயருக்கு இது வசதியாகப் போயிற்று.

"ஊரையே சிரிக்க வைப்பவன் ஆள் கூட்ட மாட்டானா மன்னா? வணிகர் வரும்போது விடுதிகள் நிரம்பவேண்டும். நிரம்பாவிட்டால் அவன் தலை நிலைக்கக்கூடாது."

"நிரப்பு," என்றார் ராசா ஓயாமாரியைப் பார்த்து.

ஓயாமாரி எல்லையைத் தாண்டிப் போனான். புளியமரத்தடியில் கிடந்த பேச்சிமுத்து அவனை ஏறிட்டுப் பார்த்தாள்.

"வாங்க அரண்மனைக்காரரே. வேடிக்கை காட்ட வந்தீகளா, பாக்க வந்தீகளா?"

"ஏரியைப் பாக்க ஆசையா இருக்கா தாயி?"

"இதென்னண்ணே கேள்வி."

"அப்ப நீ விருந்தாளி. எல்லாரையும் கிளப்பு."

வணிகர் பல்லக்கை விட்டு இறங்கவும் அவர்கள் கரைக்கு வந்து சேரவும் சரியாக இருந்தது. ஏரியைக் கண்டதும் பேச்சிமுத்து அப்படியே உட்கார்ந்து ஓவென்று அழுதாள். ஆம்பளைகள் உப்பை அள்ளிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

வணிகர் வாயைப் பிளந்தார். "எத்தனையோ நாடு பார்த்துவிட்டேன். கண்ட மாத்திரத்தில் மனிதரை அழவைக்கும் அழகு இங்கேதான் இருக்கிறது!" முதல் போடுவதாக வாக்குக் கொடுத்துவிட்டுப் போனார்.

அவர் தலை மறைந்ததும் சேனாதிராயர் குதித்தார். "மோசம் மன்னா! இவர்கள் நாம் விரட்டிய உப்புக்காரர்கள்!"

"எல்லை தாண்டி வந்தார்களா, இல்லையா? ஏரியைக் காண விரும்பினார்களா, இல்லையா?" என்றான் ஓயாமாரி. "அவர்களாகப் புறப்படும்வரை போகச் சொல்வார் இல்லை. தங்கள் ஆணைதானே அரசே?"

ராசா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பலே! தங்கட்டும்!" என்று முத்துமாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டார்.

சேனாதிராயருக்கு முகம்தான் சுண்டியது, மூளை சுண்டவில்லை. "தங்கட்டும் மன்னா. ஆனால் இனி வணிகர்கள் மாதாமாதம் வருவார்களே. அவர்கள் பார்க்க இந்த அழுகை வேண்டாமா?"

"வேண்டும்!" என்றார் ராசா. "பல்லக்கு வரும்போதெல்லாம் அழட்டும். அழாதவர் விருந்தினர் அல்லர். ஓயாமாரி, அது உன் பொறுப்பு."

ஓயாமாரி வாயைத் திறந்தான். சேவகன் வாள் பிடியில் கை வைத்தான். மூடிக்கொண்டான்.

கரைக்குப் போய்த் தங்கையிடம் சொன்னான். அவள் அடுப்புக்குக் கல் தேடிக்கொண்டிருந்தாள்.

"ஏண்ணே, சொந்த மண்ணுல இருந்துக்கிட்டு எப்படி அழுகை வரும்?"

அவன் மாலையைக் கழற்றி அவளிடம் நீட்டினான். அவள் அதைத் தொடவில்லை.

"எப்படின்னு நீங்களே அழுது காட்டுங்க."

அவன் அழுதான் கண்ணுகளா. அப்புறம் நிறுத்த முடியவில்லை.

விடுதி மாடத்திலிருந்து ராசா அதைப் பார்த்தார். "அடேயப்பா, இப்போதே ஒத்திகையைத் தொடங்கிவிட்டான்!" என்று கைதட்டிச் சிரித்தார். இன்னொரு மாலையும் மேலேயிருந்து வந்து விழுந்தது.