மரம் மாற்றிய மலை அணில்

ஆறு ஒன்று இரண்டாகப் பிரித்த ஒரு காட்டில், செங்கான் என்ற மலை அணில் தபால் நடத்திவந்தது. இக்கரை விலங்குகளின் கடிதங்களை நாவல் மரப் பொந்தில் சேர்த்து, அந்த மரத்தின் முத்திரையைக் குத்தி, நீர்நாயிடம் கொடுக்கும். ஆற்றோரத்தைத் தாண்டாத நீர்நாய், நீந்திப் போய் அக்கரை ஆமையிடம் சேர்க்கும். அங்கிருந்து முயல்கள் வீடுவீடாகக் கொண்டுபோகும்.

செங்கான் மகா புத்திசாலி. அப்படித்தான் அது எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தது.

ஒருநாள் நரி வந்தது. "தினமும் ஆயிரம் கடிதம் அனுப்புவேன். உனக்குக் கூடை நிறைய அத்திப்பழம்!"

என்ன கடிதம் என்று செங்கான் கேட்கவில்லை. பிறர் கடிதத்தைப் பற்றி விசாரிப்பது நாகரிகமில்லையே!

எல்லாவற்றிலும் ஒரே வாசகம்தான்: 'வாழ்த்துகள்! உங்களுக்கு ஒரு கூடை கிழங்கு பரிசு. ஆற்றோரம் தனியாக வந்து பெற்றுக்கொள்ளவும்.'

இரண்டு முயல்கள் போயின. பரிசு எப்படி இருந்தது என்று சொல்ல அவை திரும்பி வரவில்லை.

ஆமை தன் பாறையில் 'நாவல் மரம்' என்று எழுதிவைத்தது. அன்று முதல் அந்த முத்திரையோடு வந்த கடிதமெல்லாம், மானுடையதோ மயிலுடையதோ, பிரிக்காமலே ஆற்றில் போயின.

"நரியின் கடிதத்தை நிறுத்தினால் ஆமை பாறையிலிருந்து பெயரை அழித்துவிடுமாம்" என்று நீர்நாய் வந்து சொன்னது.

"இதற்காகவா பழத்தை விடுவது? எழுதியிருப்பது நாவல் மரத்தைத்தானே! நான் மருத மரத்துக்குப் போகிறேன்."

போனது. நரியும் கூடவே போனது. மறுநாளே பாறையில் மருத மரம் ஏறியது. செங்கான் புங்க மரத்துக்குத் தாவியது, பிறகு இலுப்பைக்கு. எழுதி எழுதி ஆமைக்குக் கை வலித்தது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு, 'அந்தக் கரை மரங்கள் அனைத்தும்' என்று ஒரே வரியாக எழுதிவிட்டது.

அந்த வாரம் செங்கானின் மனைவிக்கு இரண்டு காதிலும் சீழ் வைத்தது. வலியில் துடித்தது. வைத்தியர் கீரி இருந்ததோ அக்கரையில். 'உடனே வரவும்' என்று செங்கான் எழுதி அனுப்பியது.

"கடிதம் போய்ச் சேர்ந்திருக்குமாங்க?" என்று மனைவி முனகியது.

"என் தபால் சேராமல் இருக்குமா?"

மூன்றாம் நாள் நீர்நாய் தயங்கித் தயங்கிச் சொன்னது: "அதுவும் ஆற்றில்தான் போயிற்று."

 செங்கான் அந்த நிமிடமே நரியைத் துரத்தியது. "இனி நரியின் கடிதம் வராது, வைத்தியருக்கு மட்டும் சொல்லியனுப்பு என்று ஆமையிடம் கெஞ்சு" என்று நீர்நாயை விரட்டியது.

ஆமைக்கு இரக்கம் உண்டு, வேகம்தான் இல்லை. "அந்தக் கரை என்றாலே முயல்கள் ஓடுகின்றன. நானே போய்ச் சொல்கிறேன்" என்று கிளம்பி, ஆறாம் நாள் கீரியின் வளையை அடைந்தது.

கீரி ஆற்றை நீந்திக் கடந்து ஓடோடி வந்தது. "உயிருக்கு ஆபத்தில்லை. நாலைந்து நாள் முன்பு கூப்பிட்டிருந்தால் காதையும் காப்பாற்றியிருக்கலாம்" என்றது.

செங்கான் மனைவியின் அருகில் உட்கார்ந்து, வாழ்நாளில் முதல் முறையாக, "தப்பு என்னுடையதுதான்" என்றது.

அது மனைவிக்குக் கேட்கவில்லை.

நீதி: தப்பை விடாமல் இடத்தை மட்டும் மாற்றுகிறவருக்கு முன்னால், அவருடைய கெட்ட பெயர் அங்கே போய் நிற்கும்.