உளியன் வாங்கிய சிவப்பு பூட்ஸ்

கோடை வந்தால் சொட்டுத் தண்ணீர்கூட மிஞ்சாத ஒரு காட்டில் உளியன் என்ற கரடி இருந்தது.

அந்தக் காட்டுக்கும் ஆற்றுக்கும் நடுவே ஒரு பகல் நடையாகக் கிடந்தது சட்டிப்பாறை. வெயில் ஏறினால் அடுப்பில் வைத்த சட்டியைப் போல அது காயும். இரவில் கடக்கலாம் என்றால் பாறைப் பிளவுகள் கண்ணுக்குத் தெரியாது. போதாததற்கு, பாறையின் ஓரமாகச் செந்நாய்கள் திரிந்தன. ஆகவே ஒவ்வொரு கோடையிலும் புள்ளிமான்கள் உளியனைத் துணைக்கு அழைத்துக்கொண்டுதான் ஆற்றுக்குப் போகும். கூட்டத்தின் பின்னால் நடப்பதும், வழிதவறும் குட்டிகளை மடக்கிக் கொண்டுவருவதும், நடக்க முடியாததை முதுகில் ஏற்றிக்கொள்வதும் உளியனின் வேலை. ஆறு கோடைகளில் ஒரு குட்டியைக்கூட அது தவறவிட்டதில்லை.

குழந்தைகளே, கரடியின் பாதத்தைப் பார்த்திருக்கிறீர்களா? நகம்தான் பெரிது. உள்ளங்கால் நம்முடையதைப் போல மெத்தென்று இருக்கும். மானுக்குக் குளம்பு உண்டு, பாறை சுடாது. கரடிக்குச் சுடும். அதனால் உளியன் தோல் பூட்ஸ் போட்டுக்கொண்டுதான் பாறையில் இறங்கும்.

ஏழாவது கோடைக்குப் பத்து நாள் முன்பு, அந்தப் பழைய பூட்ஸில் ஒன்று அடியோடு கிழிந்தது. உளியன் அதைத் தூக்கிக்கொண்டு முள்ளம்பன்றியின் வளைக்குப் போனது.

முள்ளம்பன்றியின் பெயர் எய்யன். தன் முள்ளையே ஊசியாக வைத்துத் தைக்கும். யாருக்காகவும் பேச்சில் சர்க்கரை சேர்க்காது.

"ஆறு கோடை உழைத்திருக்கிறது. இனி ஒட்டுப்போட்டுப் பயனில்லை" என்றது எய்யன். "போன மழையில் செத்ததே கிழட்டுக் காட்டெருமை, அதன் தோல் இருக்கிறது. தனக்கு வேண்டாமல் போகும்போது எடுத்துக்கொள் என்று அதுவே சொல்லி வைத்தது. அதில் தைத்துத் தருகிறேன். மாலையில் வா, அளவெடுக்கலாம்."

"இப்போதே எடேன். வந்துதான் நிற்கிறேனே."

"காலையில் கால் சின்னதாக இருக்கும். நாளெல்லாம் நடந்த பிறகு வீங்கும். வீங்கிய காலுக்குத்தான் பூட்ஸ் வேண்டும்."

உளியன் மாலையில் மறுபடியும் வந்தது. எய்யன் அளவெடுத்தது. விரல்களுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் விட்டது. குதிகால் ஆடாமல் பிடிக்க வேண்டும் என்று இரண்டு முறை கட்டிப் பார்த்தது. அடித்தோலை இரட்டைத் தையலாகப் போடப்போவதாகச் சொன்னது.

"முடிந்ததும் ஐந்து நாளாவது காட்டுக்குள் போட்டு நட. தோல் உன் காலைப் பழகட்டும்" என்றது.

மூலையில் பாதி தைத்துக் கிடந்த ஒரு ஜோடியை உளியன் பார்த்தது. மண்ணில் புரட்டி எடுத்த இரண்டு கிழங்குகளைப் போல இருந்தன. முனை அகலம், நிறம் சேற்று நிறம். மான்கள் எல்லாம் பார்க்க இதைப் போட்டுக்கொண்டா நடப்பது என்று அதற்குத் தோன்றியது. ஆனாலும் தலையாட்டிவிட்டு வந்தது.

வரும் வழியில் ஆலமரத்தடியில் ஒரே கூட்டம். நடுவில் புனுகுப்பூனை சவ்வாதன் கடை விரித்திருந்தது. அதன் வாயும் மணக்கும், உடம்பும் மணக்கும். அது விற்ற பூட்ஸும் மணந்தன.

அப்படிப்பட்ட பூட்ஸை உளியன் அதுவரை பார்த்ததே இல்லை. செம்மரச் சாயம் ஏற்றிய சிவப்பு. முழங்கால்வரை கொடிகொடியாக வேலைப்பாடு. கூரிய முனை. உயரமான குதி.

"வாருங்கள் அண்ணா" என்று சவ்வாதன் எழுந்து நின்றது. "உங்களை நினைத்துத்தான் இந்த ஒரு ஜோடியைச் செய்தேன். ஒரு மந்தையையே நடத்திக்கொண்டு போகிறவர், கிழிந்த தோலைக் காலில் கட்டிக்கொண்டு போனால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்?"

உளியன் காலை நுழைத்தது. நுழையவில்லை. சவ்வாதன் இரண்டு பக்கமும் பிடித்து இழுத்து ஏற்றிவிட்டது.

"முன்னால் இறுக்குகிறதே" என்றது உளியன்.

"புதிதில் அப்படித்தான் இருக்கும். நாலு நாள் போனால் சொன்னபடி கேட்கும். குட்டையில் கொஞ்சம் தண்ணீர் கிடக்கிறது பாருங்கள், அதில் போய்ப் பார்த்துவிட்டு வந்து பேசுங்கள்."

உளியன் புல் தரையில் நாலு எட்டு வைத்துக் குட்டைக்குப் போய்ப் பார்த்தது. தண்ணீரில் தெரிந்த கரடி வேறு யாரோ போல இருந்தது. நிமிர்ந்து, உயர்ந்து நின்றது. மரத்தின் மேலிருந்த மந்திகள், "இப்போதுதான் தலைவரைப் போல இருக்கிறீர்கள்" என்றன.

அதற்குமேல் உளியன் யோசிக்கவில்லை. ஒரு தேனடையைக் கொடுத்துவிட்டு அதையே போட்டுக்கொண்டு நடந்தது.

வழியில் எய்யன் எதிரே வந்தது. அது உளியனின் முகத்தைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தது.

"அடித்தோலை மடக்கிப் பார்த்தாயா?"

"எதற்கு?"

"தையலே காணோம். பிசின் வைத்து ஒட்டியிருக்கிறான். சூட்டில் விட்டுவிடும். குதி வேறு இவ்வளவு உயரம். பாறைப் பிளவில் மாட்டினால் கால் என்ன ஆகும்?"

"உன் கடையில் வாங்கவில்லை என்ற எரிச்சலில் பேசுகிறாய்" என்றது உளியன்.

எய்யன் கோபப்படவில்லை. "நீ அளவு கொடுத்ததைத் தைத்து முடித்துவிடுவேன். வளை வாசலிலேயே இருக்கும். என் முகத்துக்காக நீ வர வேண்டாம், உன் காலுக்காக வா" என்று சொல்லிவிட்டுப் போனது.

உளியன் போகவில்லை. சிவப்பு பூட்ஸையும் போட்டுப் பழக்கவில்லை. காட்டில் நடந்தால் சாயம் போய்விடும் என்று மரப்பொந்தில் பத்திரமாக வைத்தது. புறப்படும் நாளன்று விடியற்காலையில்தான் எடுத்துப் போட்டுக்கொண்டது.

மான் கூட்டம் தயாராக நின்றது. கூட்டத்துக்குத் தலைவி நவ்வி என்ற பெண்மான். அதற்கு அந்த வருடம் பிறந்த ஒரு குட்டி இருந்தது. பிறக்கும்போதே ஒரு பின்னங்கால் சூம்பியிருந்தது. கொஞ்ச தூரம் நடக்கும், பிறகு உட்கார்ந்துவிடும்.

"அண்ணா, பாறையில் ஏற்றம் வரும்போது இவனை நீங்கள்தான் தூக்கிக்கொள்ள வேண்டும்" என்றது நவ்வி.

"இது சொல்ல வேண்டியதா?" என்றது உளியன்.

புறப்பட்டு நாழிகை ஒன்று ஆகியிருக்காது. உளியனின் விரல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டன. குதிகாலில் ஏதோ உரசிக்கொண்டே இருந்தது, பிறகு எரிந்தது. காட்டின் கடைசி மரத்தடிக்கு வந்தபோது கூட்டம் இளைப்பாற நின்றது. நவ்வி திரும்பி உளியனின் அருகில் வந்தது.

"அண்ணா, உங்கள் நடை சரியில்லையே. பூட்ஸ் கடிக்கிறதா? எய்யனின் வளை கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது. போய் மாற்றிக்கொண்டு வாருங்கள். நாங்கள் நிழலில் காத்திருக்கிறோம், ஒன்றும் குடிமுழுகிப் போகாது."

உளியன் சுற்றிலும் பார்த்தது. அத்தனை மான்களும் தன் காலையே பார்ப்பதாக அதற்குப் பட்டது. இப்போது திரும்பிப் போனால் எய்யன் வாசலில் நின்று தலைகுனிய வேண்டும். மரத்து மந்திகள் கைகொட்டிச் சிரிக்கும்.

"கடிக்கிறதாவது? பஞ்சு மாதிரி இருக்கிறது. நட, வெயில் ஏறப்போகிறது" என்றது.

ஆறு கோடையாகக் கூட வந்தவரின் வார்த்தை. நவ்வி நம்பியது. முன்னால் போய்க் கூட்டத்தை நடத்தியது.

பாறை தொடங்கியது. வெயிலும் ஏறியது. உச்சிப்பொழுதில் பிசின் உருகி, வலது பூட்ஸின் அடித்தோல் முன்பக்கம் வாயைப் பிளந்தது. உளியன் பாறைப் பிளவில் படர்ந்திருந்த ஒரு கொடியைப் பறித்துக் கட்டிக்கொண்டது. கொஞ்ச தூரத்தில் கொடி அறுந்தது. இடது குதி ஒரு பிளவில் மாட்டிக் கணுக்கால் பிசகியது. பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தது. நடந்தது என்று சொல்வதைவிட, காலை இழுத்துக்கொண்டு போனது என்று சொல்லலாம்.

கூட்டம் மேலே போய்க்கொண்டே இருந்தது. பின்னால் உளியன் இருக்கிறது என்ற தைரியத்தில் எந்த மானும் திரும்பிப் பார்க்கவில்லை.

குட்டி மட்டும் உளியனோடு பின்தங்கியிருந்தது. ஏற்றம் வந்தது. உளியன் குட்டியை முதுகில் ஏற்றிப் பார்த்தது. ஓர் அடி வைத்ததும் கணுக்கால் மடங்கி இரண்டும் விழுந்தன.

"கொஞ்சம் நடந்து வா, கண்ணு. அந்த மேட்டைத் தாண்டியதும் தூக்கிக்கொள்கிறேன்" என்றது.

"சரி, மாமா" என்றது குட்டி. சூம்பிய காலை ஊன்றி ஊன்றி வந்தது. பிறகு உளியன் கடந்து வந்த பாறையைத் திரும்பிப் பார்த்து, "மாமா, உங்கள் காலிலிருந்து ரத்தம் வருகிறது" என்றது.

"ரத்தம் இல்லை. சாயம்" என்றது உளியன்.

குட்டி அதையும் நம்பியது.

மேட்டின் பாதியில் செந்நாய்கள் வந்தன. ஐந்து இருந்தன. உளியன் உறுமியது. வேறொரு கோடையாக இருந்திருந்தால் அந்த உறுமலோடு பாய்ந்து ஒன்றையாவது தூக்கி அடித்திருக்கும். அதைத் தெரிந்துதான் செந்நாய்கள் முதலில் தயங்கின. தயங்கி, உளியன் நிற்கும் விதத்தைப் பார்த்தன. ஒன்று துணிந்து இரண்டு அடி முன்னால் வந்தது. உளியன் பாயவில்லை. அவற்றுக்கு விஷயம் விளங்கிவிட்டது.

மூன்று உளியனைச் சுற்றிக்கொண்டன. இரண்டு குட்டியின் பக்கம் போயின. குட்டி மிரண்டு ஓடியது. ஓடிய திசையும் தப்பு, ஓடிய காலும் சூம்பிய கால்.

உளியன் இரண்டு பூட்ஸையும் கழற்றி வீசியது. சுற்றி நின்ற மூன்றையும் மோதித் தள்ளிவிட்டு, சுடும் பாறையில், தோலுரிந்த வெறுங்காலோடு ஓடியது. தன்னால் அப்படி ஓட முடியும் என்று அதுவே நினைத்திருக்காது. ஆனால் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது செந்நாய்கள் அங்கே இல்லை. குட்டியும் இல்லை. பாறைமேல் கொஞ்சம் ரோமம் கிடந்தது.

பொழுது சாயும் நேரத்தில் உளியன் ஆற்றங்கரைக்கு வந்தது. மான்கள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன. நவ்வி மட்டும் குடிக்காமல் பாறையைப் பார்த்தபடி நின்றது. முதலில் உளியனின் முதுகைப் பார்த்தது. பிறகு பின்னால் பார்த்தது. அதன் பிறகுதான் காலைப் பார்த்தது.

"செந்நாய்கள்" என்றது உளியன்.

நவ்வி மறுபடியும் அந்தக் காலைப் பார்த்தது.

"காலையில் கேட்டேனே, அண்ணா" என்றது.

நவ்வி தண்ணீர்ப் பக்கம் போகாமல், பாறை தெரியும் இடத்தில் போய்ப் படுத்துக்கொண்டது.

மழை வந்தது. மான்கள் பாறையைச் சுற்றிக்கொண்டு காட்டுக்குத் திரும்பின. அது பதினோரு நாள் வழி. யாரும் உளியனைத் துணைக்குக் கூப்பிடவில்லை. இனிமேல் கூப்பிடப் போவதும் இல்லை. உளியனின் கால் ஆறியது, ஆனால் கோணலாக ஆறியது.

அடுத்த கோடைக்கு முன்னால், சவ்வாதன் மறுபடியும் ஆலமரத்தடியில் கடை போட்டது. மேற்கு மலையிலிருந்து ஓர் இளங்கரடி வந்திருந்தது. அந்தப் பக்கத்துக் கடமான்களைப் பாறைக்கு அப்பால் கொண்டுபோய் விடும் வேலை அதற்குக் கிடைத்திருந்தது. சிவப்பு பூட்ஸைப் போட்டுக்கொண்டு குட்டை ஓரத்தில் அப்படியும் இப்படியும் திரும்பி நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

உளியன் நொண்டிக்கொண்டே அதன் எதிரே போய் நின்றது.

"தம்பி, அதை வாங்காதே. முன்னால் இறுக்கும், குதி மாட்டும், சூட்டில் அடி பிரியும். அதைப் போட்டுக்கொண்டு போய்த்தான் ஒரு குட்டியைப் பறிகொடுத்தேன். கடிக்கிறது என்று அன்றைக்கே சொல்லியிருந்தால் குட்டி பிழைத்திருக்கும். நான் சொல்லவில்லை."

இத்தனை நாளில் உளியன் அதை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் முறை.

இளங்கரடி சவ்வாதனைப் பார்த்தது.

சவ்வாதன் பரிதாபமாகப் பெருமூச்சு விட்டது. "பெரியவரைத் தப்பாக நினைக்காதீர்கள், தம்பி. குட்டியைத் தொலைத்த மனசு. அந்தப் பாரத்தை எங்கேயாவது இறக்கி வைக்க வேண்டுமே. பாவம், என் பூட்ஸ்மேல் வைக்கிறார்."

"கால் நன்றாக இருந்தபோது இவரும் இதைப் போட்டுக்கொண்டு எங்கள் முன்னால் நிமிர்ந்துதானே நடந்தார்" என்றது மரத்தின் மேலிருந்த ஒரு மந்தி. மற்ற மந்திகள் தலையாட்டின.

"என் காலுக்குச் சரியாகத்தான் இருக்கிறது" என்றது இளங்கரடி. முனைப்பக்கம் விரல்களைச் சுருக்கிக்கொண்டுதான் அது நின்றது. உளியனுக்கு அது தெரிந்தது. வேறு யாருக்கும் தெரியவில்லை.

இளங்கரடி தேனடையைக் கொடுத்துவிட்டு மேற்கு மலைப் பாதையில் ஏறியது. கொஞ்ச தூரம்வரை அதன் நடை நன்றாகவே இருந்தது.

நீதி: காலுக்கு வாங்குவதைக் காலைக் கேட்டு வாங்கு, அது கடித்தால், கடித்த இடத்திலேயே சொல்லிவிடு. பிந்திச் சொன்ன உண்மை யாரையும் காப்பாற்றாது.