யூதாசின் நாற்காலி

ஆனைத்துறை வியாகுல மாதா கோவிலைப் பெருக்கி, தரையில் சிந்திய மெழுகைச் சுரண்டி வயிறு கழுவியவர் பிரகாசியம்மாள். கடற்கரையில் மற்றவர்கள் செபமாலை சொல்லி ஆண்டவரைத் தொழுதார்கள். இவர் திட்டித் தொழுதார். விளக்குமாற்றை ஒரு வீசு வீசுவார். சிலுவையில் தொங்கும் பாடுபட்ட சுரூபத்தை நிமிர்ந்து பார்த்து, "உமக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு?" என்பார். அந்தச் சத்தத்துக்குக் கோபுரத்துப் புறாக்கள் இலங்கை வரை பறந்துபோய், பூசை மணிக்குத்தான் திரும்பும்.

"சாமியையே வையுத வாய்" என்று ஊர் சிரித்தது. ஆனாலும் ஒரு நாள்கூட அவர் கோவிலுக்கு வராமல் இருந்ததில்லை. நம்பாத ஒருவரை யாராவது நித்தமும் தேடிப் போய்த் திட்டுவார்களா?

கோபத்துக்குக் காரணம் இருந்தது. அவர் கணவர் மிக்கேல், சிங்கராயர் முதலாளியின் படகில் போனவர் திரும்பவில்லை. "குடிச்சிட்டுத் தவறி விழுந்துட்டான்" என்று முதலாளி ஊரெல்லாம் சொன்னார். மிக்கேலோ கருப்பட்டிக் காப்பியில் சுக்குக் கூடினாலே தலை சுற்றுகிறவர்! அன்றோடு பிரகாசியம்மாள், ஆண்டவரின் உடலென்று பூசையில் நாக்கில் வைக்கும் அப்பமாகிய நன்மையை வாங்குவதை நிறுத்தினார். "நெஞ்சுல கொலைய வச்சிக்கிட்டு நாக்க நீட்டவா?" என்பார். பெருக்கும்போதெல்லாம் ஒரே மன்றாட்டு: "ஒண்ணு அவனைக் கொல்லும், இல்லாட்டி என் கோவத்தைக் கொல்லும். இந்தப் பாஸ்காத் திருநாளுக்காவது உம்மை வாங்கணும்யா."

பாஸ்காவுக்கு முந்திய பெரிய வியாழன் வந்தது. இயேசு தம் சீடருக்குச் செய்ததுபோல், சாமியார் பன்னிரண்டு பேருக்குப் பாதம் கழுவும் பூசை. ஊர்ப் பெரியவர்கள் வீட்டிலேயே சோப்புப் போட்டுக் கழுவி, பவுடர் பூசிக்கொண்டு வருவார்கள். அன்று பீடத்தில் வீசும் மணத்துக்குச் சாம்பிராணியே வெட்கப்படும். அந்த ஊரில் இன்னொரு வழக்கமும் உண்டு. கடைசி நாற்காலி காட்டிக்கொடுத்த யூதாசுடையது என்று ஒருவரும் அதில் உட்கார மாட்டார்கள்; வருடாவருடம் அது காலியாகவே கிடக்கும். முதல் நாற்காலிக்கு மதியத்திலேயே துண்டு போட்டுவிடுவார்கள்.

அவ்வருடம் பிந்தி வந்தவர் சிங்கராயர். பதினொரு நாற்காலியும் நிரம்பி, யூதாசுடையதுதான் மிச்சம் இருந்தது.

"நான் யூதாசாவே? எவன்வே என் இடத்துல இருக்கான், எந்திரி!" என்று அவர் கத்த, இருந்தவர்கள் நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டார்கள். சாமியார் இடுப்பில் துண்டோடு நின்றார்.

வெந்நீர்ச் செம்போடு நின்ற பிரகாசியம்மாளுக்குப் பொறுக்கவில்லை. செம்பை ணங்கென்று வைத்தார். விறுவிறுவென்று போய்ப் பன்னிரண்டாம் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நான் இருக்கேன்! இந்தா நிக்காரே முதலாளி, இவரை நெஞ்சுக்குள்ள வச்சு நித்தமும் கொன்னுக்கிட்டு இருக்கேன். என்னைவிட யூதாஸ் யாரு இந்த ஊர்ல?"

"பொம்பளையாவே அப்போஸ்தலரு?" என்று யாரோ முனகினார்கள்.

"சும்மா இரும். தண்ணி ஆறுது" என்று சாமியார் மண்டியிட்டார்.

மெழுகும் புறா எச்சமும் அப்பிய, பாளம்பாளமாய் வெடித்த கால்கள் அவை. தாம்பாளத்துத் தண்ணீர் கறுத்தது. அதை ஊற்றியிருந்தால் வெறும் மணலிலும் வாழை குலை தள்ளியிருக்கும்! சாமியார் துடைத்தார், குனிந்து முத்தமிட்டார்.

சிங்கராயர் அந்தக் கறுத்த தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு செருப்பைக் கழற்றினார்.

"மிக்கேலு குடிக்கல. காத்து சரியில்ல முதலாளின்னான். நாந்தான் ஏசி அனுப்பினேன்."

பிரகாசியம்மாள் பாய்ந்து எழுந்தார். அறைந்துவிடுவார் என்றே ஊர் நினைத்தது. அவரும் அப்படித்தான் நினைத்தார். ஓங்கிய கை அவர் தலையிலேயே இறங்கியது.

"இத அன்னைக்கே சொல்லியிருந்தா என் புருசன் பேராவது கரையேறியிருக்குமேய்யா!" என்று வீறிட்டு அழுதார். அழுது முடித்து, தான் எழுந்த யூதாஸ் நாற்காலியைக் காட்டி, "உக்காரும்" என்றார். சாமியார் கழுவிய சிங்கராயரின் கால்களைப் பிரகாசியம்மாளே துடைத்தார். தரை தேய்க்கிற தேய்ப்பு! முதலாளிக்குத் தோல் மிஞ்சியதே புதுமை.

நன்மை நேரத்தில் பிரகாசியம்மாள் தயங்கி, "என் பாவத்தச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணலியே சாமி" என்றார். "ஊரே கேட்டுச்சேம்மா. இனி நான் வேறயா கேக்கணும்?" என்றார் சாமியார். பிரகாசியம்மாள் நாக்கை நீட்டினார்.

மறுநாள் காலையில் விளக்குமாற்றோடு சுரூபத்தின் முன் நின்றார். வாயைத் திறந்தார். திட்டு வரவில்லை. தேடிப் பார்த்தார், ஒன்றுகூட இல்லை.

மேலேயிருந்து குரல் வந்தது: "என்ன பிரகாசி, இன்னைக்கு ஒண்ணும் இல்லையா?"

"அலுப்பா இருக்குய்யா, நாளைக்கு வையுதேன்" என்று சொல்லிவிட்டு அவர் பெருக்கத் தொடங்கினார்.

ஆண்டவரே காத்திருந்து கேட்ட அந்த வாய் வாழ்க.