பாசி பிடித்த சரிவு

"நாப்பது நாளாச்சும்மா. என் மனசுல இருக்கிற கறை எப்பத்தான் போகும்?"

தனபாலன் இப்படிக் கேட்டபோது அரசியம்மா ஆசிரமத்துச் சமையலறையில் புளி கரைத்துக்கொண்டிருந்தார். கேட்டவருக்கு அறுபது வயது. குருவான அரசியம்மாவுக்கு நாற்பதுதான்.

"நாளைக்கு உங்க பொண்ணு வருதுல்ல?" என்றார் அரசியம்மா.

"ஆமாம்மா. பத்து நிமிஷம்தான் இருப்பாளாம்."

"அப்ப வாசல் சரிவைக் கழுவிடுங்க."

தனபாலன் திருதிருவென்று விழித்தார். அவர் கேட்டது மனசைப் பற்றி. கிடைத்ததோ முப்பதடி கான்கிரீட்.

சிறுமலை அடிவாரத்தில் இருந்தது அந்த ஆசிரமம். கேட்டிலிருந்து கட்டடம் வரைக்கும் செங்குத்தாக ஏறும் கான்கிரீட் பாதை. கார் ஏறாது, கீழேயே நிறுத்திவிட்டு நடந்துதான் வரவேண்டும். அடைமழைக்குப் பிறகு பாதை முழுக்கக் கரும்பாசி. போன வாரம்கூடப் பால்காரர் கேனோடு சறுக்கி விழுந்து, பாலும் போய் முழங்காலும் போனது.

குருவாக ஆகும் முன்னால் அரசியம்மா திண்டுக்கல் பைபாஸில் வாட்டர் சர்வீஸ் வைத்து, லாரி முதல் ஸ்கூட்டர் வரை கழுவிக்கொடுத்தவர். அந்தத் தொழிலை விட்டாலும், தண்ணீரை வேகமாகப் பீய்ச்சும் மெஷினை விடவில்லை. அது கொட்டகையில் பத்திரமாக இருந்தது.

தனபாலன் தொழிலும் மெஷினோடுதான். கல்யாணப் பத்திரிகை அச்சடிப்பவர். ஊரில் பாதிப் பேருக்கு அவர் பிரஸ்ஸில்தான் பத்திரிகை.

ஒரே மகள் மணிமொழி. தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்றாள். இவர் முகம் கொடுக்கவில்லை. அப்படியும் அவள் மனசு கேட்காமல் ஒருநாள் பிரஸ்ஸுக்கு வந்தாள்.

"பத்திரிகை மட்டுமாவது நம்ம பிரஸ்ல அடிச்சுக் கொடுங்கப்பா."

"மெஷின் ரிப்பேர்" என்றார் தனபாலன்.

உள்ளே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் அவளுக்கும் கேட்டது. திரும்பி நடந்துவிட்டாள். கல்யாணத்துக்கும் இவர் போகவில்லை.

ஒரே வருஷத்தில் இவருக்குப் புத்தி வந்தது. வந்த புத்தி சும்மா இருந்ததா? ஒவ்வொரு கல்யாண நாளுக்கும், அன்று அடிக்காத அந்தப் பத்திரிகையைப் புதிதாக அடித்து எடுத்துக்கொண்டு மகள் வீட்டு வாசலில் போய் நின்றார். முதல் தடவை சாதா அட்டை. அடுத்தது தங்க எழுத்து. அதற்கடுத்தது வெல்வெட். ஒவ்வொரு தடவையும் மெஷின் ஓடிய கதையை ஆதியிலிருந்து சொல்லி அழுவார். அவளும் அழுவாள். இவர் பாரம் இறங்கிய மாதிரி பஸ் ஏறுவார். அவள் இரண்டு நாள் சாப்பிடமாட்டாள்.

நாலாவது தடவை அவள் உறையைப் பிரிக்கவே இல்லை.

"அப்பா, இனிமே வராதீங்க."

அதற்கப்புறம்தான் ஆசிரமம். இப்போது அவளே போன் செய்திருந்தாள். ஏழு மாதக் கர்ப்பம். புருஷனோடு நத்தம் போகிற வழியில் எட்டிப் பார்ப்பாளாம். ஒரே ஒரு நிபந்தனை.

"பழைய கதையை எடுத்தீங்கன்னா அப்படியே திரும்பிப் போயிருவேன்ப்பா. அப்புறம் வரவே மாட்டேன்."

தனபாலனின் பையில் ஐந்தாவது பத்திரிகை இருந்தது. அவர் அடித்ததிலேயே அதுதான் அழகு.

சரி, குரு சொல்லிவிட்டார். தனபாலன் மெஷினை இழுத்து வந்து போட்டார்.

தண்ணீர் ஊசி மாதிரி பாய்ந்தது. கரும்பாசிக்கு நடுவில் வெள்ளை வெளேரென்று ஒரு கோடு விழுந்தது. தனபாலனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தண்ணீர் பீய்ச்சும் கம்பியின் நுனியைத் தரைக்கு இன்னும் பக்கத்தில் கொண்டுபோனார். கோடு இன்னும் வெளுத்தது. நாலு விரல் இடைவெளிக்குக் கொண்டுபோனார்.

ஐந்து கோடு போட்டபின் குனிந்து தடவிப் பார்த்தார். விரலில் மணல் ஒட்டியது. உள்ளே இருந்த ஜல்லி பல்லை இளித்தது. பதறிப்போய், பள்ளத்தைச் சமப்படுத்துகிறேன் என்று அதன் மேலேயே மறுபடி அடித்தார். பள்ளம் இன்னும் ஆழமானது.

சத்தம் கேட்டு அரசியம்மா வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு கோட்டின் மேல் காலை வைத்துப் பார்த்தார்.

"பாசி போயிருச்சும்மா. ஆனா..." தனபாலன் தலையைச் சொறிந்தார்.

அரசியம்மா ஒரு சொம்புத் தண்ணீரைக் கழுவாத தரையில் ஊற்றினார். அது வழிந்து ஓடிவிட்டது. இன்னொரு சொம்பைக் கோட்டின் மேல் ஊற்றினார். அது பள்ளத்தில் தேங்கி உள்ளே இறங்கியது.

"அடுத்த மழைக்குப் பாசி மொதல்ல எங்க பிடிக்கும்?"

தனபாலன் குனிந்து அந்தப் பள்ளத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"அப்ப கழுவக் கூடாதாம்மா?"

"கழுவத்தானே சொன்னேன்."

"நீங்க சொல்றது எனக்கு ஒண்ணும் புரியலைம்மா."

அரசியம்மா கம்பி நுனியில் இருந்த மூக்கைக் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டினார். தண்ணீர் விசிறியாக விரிந்தது. கம்பியைத் தரையிலிருந்து ஒரு முழம் தூக்கிப் பிடித்துக் காட்டினார். பிறகு மெஷினை நிறுத்திவிட்டு, ஒரு வாளி சோப்புத் தண்ணீரைப் பாதை முழுக்கத் தெளித்தார்.

"ஊறட்டும்."

"அதுவரைக்கும் நான் என்ன பண்றது?"

"ஒண்ணும் பண்ணாதீங்க."

அவர் சாப்பிடப் போய்விட்டார். தனபாலன் படியில் உட்கார்ந்தார். ஒன்றும் பண்ணாமல் இருப்பது அவருக்குப் பழக்கமில்லை. இரண்டு தடவை எழுந்து, இரண்டு தடவை உட்கார்ந்தார். கை பரபரத்தது. பையைத் திறந்து பத்திரிகை பத்திரமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்.

அரை மணி கழித்து, ஒரு முழம் தள்ளிப் பிடித்து, விசிறித் தண்ணீரை அடித்தார். வழவழப்பெல்லாம் நழுவிக்கொண்டு ஓடியது. ஆனால் தரை வெளுக்கவில்லை. பழைய கருமை நிழலாக அப்படியே கிடந்தது. அதற்கு நடுவில் காலையில் போட்ட ஐந்து கோடுகள் மட்டும் பளிச்சென்று தெரிந்தன. அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

"இன்னும் கறுப்பாத்தாம்மா இருக்கு."

அரசியம்மா ஈரத் தரையில் வெறுங்காலோடு கேட் வரை விறுவிறுவென்று இறங்கினார். அதே வேகத்தில் திரும்பி ஏறி வந்தார்.

"போதும்" என்று சொல்லி மெஷினின் ஒயரைப் பிடுங்கினார்.

"கறை போகலியே! எப்படிப் போதும்?"

அரசியம்மா ஒயரைச் சுருட்டிக்கொண்டே கொட்டகைக்குப் போய்விட்டார். நாற்பது நாளில் தனபாலனுக்கு அந்த அம்மாள் மேல் கோபம் வந்தது அன்றைக்குத்தான்.

மறுநாள் பத்து மணிக்குக் கீழே கார் நின்றது. காலையில் ஒரு தூறல் போட்டிருந்தது. மருமகன் காரைத் திருப்பி நிறுத்திக்கொண்டிருக்க, மணிமொழி இறங்கி, ஒரு கையை இடுப்பில் ஊன்றியபடி மெதுவாகக் கேட்டுக்குள் வந்தாள்.

தனபாலன் மேல்படியிலிருந்து ஓட்டமும் நடையுமாகப் பாதிச் சரிவு இறங்கிவிட்டார். மகளின் வயிற்றைப் பார்த்ததும், என்ன பேசுவது என்று ராத்திரி முழுக்க யோசித்து வைத்ததெல்லாம் மறந்துபோய், பழைய கதையின் முதல் வரி மட்டும் வாயில் வந்து நின்றது. கை தானாகப் பைக்குள் போனது.

அவள் அந்தக் கையைப் பார்த்துவிட்டாள். சரிவு தொடங்குகிற இடத்திலேயே நின்றுவிட்டாள். ஒரு முறை திரும்பிக் காரைப் பார்த்தாள்.

இருவருக்கும் நடுவில் ஈரக் கான்கிரீட். ஐந்து கோட்டிலும் மழைத் தண்ணீர் தேங்கியிருந்தது. மற்ற இடத்தில் வழிந்து போயிருந்தது.

மணிமொழி அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை. செருப்புக் காலால் தரையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

"வழுக்குமாப்பா?"

தனபாலன் அந்தக் கறுத்த தரையை, நேற்றிலிருந்து முதல் தடவையாக, ஒழுங்காகப் பார்த்தார்.

பைக்குள்ளிருந்து கையை வெறுமனே எடுத்தார். அவள் நடக்க வழிவிட்டு ஒரு முழம் ஒதுங்கி நின்றார்.

"வழுக்காதும்மா. ஏறி வா."