மொட்டையான வில்வத்தோப்பு

முன்னொரு காலத்தில் குறும்பொறை நாட்டைச் செண்பகமாறன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். ஆண்டுவந்தார் என்பது பேச்சுக்குத்தான். சிம்மாசனத்தில் உட்கார்ந்தது அவர், நாட்டைக் கட்டி மேய்த்தது மந்திரி கூத்தபிரான். பாவம், அந்த மனிதர் அலுத்துப்போயிருந்தார். ராஜாவுக்கு விடிந்தால் ஓர் ஆசை, பொழுது சாய்ந்தால் ஒரு கோபம். எல்லாவற்றையும் துடைத்து மெழுகுவது இவர் தலையெழுத்து.

"மன்னா, முடியவில்லை. முட்டியும் வலிக்கிறது, மூளையும் வலிக்கிறது. வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்" என்று எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்துவிட்டார்.

"அனுப்புகிறேன் ஐயா, இந்த ஒரு சிக்கலை மட்டும் தீர்த்துவிட்டுப் போமே" என்பார் ராஜா. அந்த ஒரு சிக்கல் தீரவே தீராது.

ஒருநாள் ராஜா பலாப்பழத்தை ஒரு கை பார்த்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கோயில் அதிகாரி விருப்பாட்சிராயருக்கு மந்திரி பதவிமேல் நெடுநாளாகக் கண். விடுவாரா?

"மன்னா, இது சிவன் கோபம். ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், தினமும் வில்வத்தால் லட்சார்ச்சனை செய்யுங்கள். ஒவ்வோர் இலையும் அன்றன்று பறித்ததாக இருக்க வேண்டும். ராஜா செய்கிற பூசைக்குப் பழசு ஆகுமா?"

"ஆகாது!" என்றார் ராஜா. உத்தரவு போட்டாயிற்று.

அந்த வட்டாரத்துக்கே வில்வம் என்றால் கோயில் தோப்புதான். சேவகர்கள் கொம்பு கொம்பாக ஒடித்தார்கள். இலை போயிற்று, பூவும் பிஞ்சும் சேர்ந்து போயின. அந்த நேரம் பார்த்தா ஊரில் வயிற்றுக்கடுப்பு வரவேண்டும்? வைத்தியர் உமாபாகர் மந்திரி வீட்டுக்கு ஓடிவந்தார்.

"ஐயா, கடுப்புக்கு வில்வப் பிஞ்சைத்தான் அரைத்து மோரில் கரைத்துக் கொடுப்பேன். மரத்தில் நாலைந்து பிஞ்சுதான் பாக்கி, அதையும் தொடவிடாமல் காவல் போட்டிருக்கிறார்கள். குழந்தைகள் துவண்டு கிடக்கின்றன."

கூத்தபிரான் பெருமூச்சு விட்டார். முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து அரண்மனைக்குப் போனார்.

"மன்னா, இப்படியே போனால் தோப்பு பட்டுப்போகும். ஊரும் படுத்துவிடும். பூசையைக் கொஞ்சம் குறைக்கலாமே?"

"பூசையில் ஓர் இலை குறையக்கூடாது. தோப்பும் பட்டுப்போகக்கூடாது. வழி கண்டுபிடியும், சத்தியமாக உம்மை வீட்டுக்கு அனுப்புகிறேன்!"

"கண்டுபிடிக்காவிட்டால்?" என்று இழுத்தார் ராஜா பக்கத்தில் நின்ற ராயர்.

"மந்திரி மோதிரம் உமக்கு."

உண்மையைச் சொன்னால், அந்த மோதிரத்தை அப்போதே கழற்றிக் கொடுத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்ளலாம் என்றுதான் கூத்தபிரானுக்கு இருந்தது. ஆனால் இந்த ஆள் கையில் மோதிரம் போனால் தோப்பு மட்டுமா மொட்டையாகும்? "சரி மன்னா" என்றார்.

மறுநாள் முதல் தோப்புக்குள் சேவகர்கள் போகவில்லை. இருந்த பிஞ்சுகள் வைத்தியர் வீட்டுக்குப் போயின. ஆனாலும் லட்சார்ச்சனை ஓர் இலை குறையாமல் நடந்தது! ராயருக்குத் தலை வெடித்தது. மோப்பம் பிடித்துக்கொண்டு கோயில் குளத்துப் பக்கம் போனார். அங்கே சாமிமேலிருந்து எடுத்த இலைகளை ஆட்கள் கழுவி, ஈரத்துணியில் சுற்றிக்கொண்டிருந்தார்கள். எடுத்தார் ஓட்டம் சபைக்கு.

"அக்கிரமம்! சிவனுக்குப் பழைய இலையைச் சாத்துகிறார் மந்திரி!"

"ஆமாம், சாத்துகிறேன்" என்றார் கூத்தபிரான். சபை வாயைப் பிளந்தது. அவர் இரண்டு தட்டுகளைக் கொண்டுவரச் சொன்னார். "ஒன்றில் இன்று காலை பறித்த இலை. மற்றதில் சாமிமேல் சாத்திக் கழுவிய இலை. எது புதுசு என்று ராயரே காட்டட்டும்."

ஒரு தட்டில் பழுத்து ஓட்டை விழுந்த இலைகள். இன்னொன்றில் பளபளவென்று பச்சை. ராயர் பச்சை இலையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"இதைக் கேட்கவும் வேண்டுமா? பனி ஈரம்கூடக் காயவில்லையே!"

"அது குளத்து ஈரம், ராயரே. முந்தாநாள் பறித்தது. பூச்சி அரித்ததுதான் இன்றைய இலை. நீர் மொட்டையடித்த தோப்பில் வேறென்ன கிடைக்கும்?"

ராஜாவுக்குக் கோபம் வந்தது. சபையில் இருந்த கோயில் குருக்கள் பக்கம் திரும்பினார். "அப்படியானால் என் பூசைக்குப் பழசா? குருக்களே, இது அடுக்குமா?"

"மன்னா, பூவைத்தான் மறுநாள் எடுத்துப் போடுவோம். வில்வத்துக்கு ஏது பழசு? கழுவிவிட்டு எத்தனை தடவை வேண்டுமானாலும் சாத்தலாம். கோயிலில் விளக்குத் துடைக்கிறவருக்குக்கூடத் தெரியும்."

"கோயில் அதிகாரிக்குத் தெரியாதா?"

"அவர் பரிவட்டம் கட்டிக்கொள்ள வருவார். கட்டியதும் போய்விடுவார்."

"நீர் ஏன் அன்றே சொல்லவில்லை?"

"யார் கேட்டார்கள், மன்னா?"

சபை கொல்லென்று சிரித்தது. "ராயரே, மண்டலம் முடியும்வரை இலை கழுவுவது உம் வேலை. பரிவட்டத்தைக் கட்டிக்கொண்டே கழுவும்" என்றார் ராஜா. ராயர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

கூத்தபிரான் மோதிரத்தைக் கழற்றி ராஜா முன் வைத்தார். "சத்தியம் செய்தீர்கள், மன்னா."

ராஜா மோதிரத்தைப் பார்த்தார், மந்திரியைப் பார்த்தார். இவரை விட்டால் நாளைக்கு யாரைத் தேடுவது?

"வீட்டுக்கு அனுப்புகிறேன் என்றேன், அனுப்பத்தானே போகிறேன்! போம். ஆனால் வில்வம் பழசாவதில்லை என்று இப்போதுதானே காட்டினீர்? நீரும் வில்வம்தான் ஐயா. வீட்டில் நன்றாகக் குளித்துவிட்டு நாளைக் காலை வந்துவிடும்."

கூத்தபிரானுக்கு அழுகையே வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"சரி மன்னா, நான் வில்வம். வில்வத்தைத் திங்கட்கிழமை பறிப்பது பாவம். நாளைக்குத் திங்கட்கிழமை."

ராஜா குருக்களைப் பார்த்தார். குருக்கள் ஆமென்று தலையாட்டினார். ராஜாவால் சிரிப்பை அடக்க முடியவில்லை. "பிழைத்துப் போம்! இனித் திங்கட்கிழமைதோறும் நாள் முழுக்க உம்முடையது" என்றார்.

அன்றுமுதல் குறும்பொறை நாட்டு மந்திரி திங்கட்கிழமைதோறும் நாள் முழுக்கத் தூங்கினார். அன்றைக்கு மட்டும் ராஜா தன் சொந்த மூளையால் நாட்டை ஆண்டார். அதனால் செவ்வாய்க்கிழமை மந்திரிக்கு வேலை இரட்டிப்பு.